மகள் பெயரில் ஒரு காய்ச்சல்

பதினோரு வருஷத்தில் தாவீது ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை. தகப்பன் செத்த அன்றுகூட இரவு ஷிஃப்டை முடித்துக்கொண்டு, காலையில் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து மண் தள்ளியவன். இதைக் குறையாகச் சொன்னவர்களிடமும் அவன் பெருமையாகவே தலையாட்டுவான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் அவனுக்குக் கிரேன் ஓட்டும் வேலை. தரையிலிருந்து நாற்பதடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, கொதிக்கும் இரும்பு நிறைந்த வாளியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சிந்தாமல் நகர்த்த வேண்டும். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் அவன் கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சை அட்டை, பர்மனென்ட் ஆட்களுக்கு நீல அட்டை. கேட்டில் செக்யூரிட்டி நீல அட்டையைப் பார்த்தால் தலையசைப்பான். பச்சை அட்டையைப் பார்த்தால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்வான்.

கொரோனா வந்த முதல் வருஷத்தில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்த ராஜமாணிக்கத்துக்குப் பாசிட்டிவ் என்று வந்தது. பதினாலு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருந்தார். பதினைந்தாம் நாள் வந்தபோது அவருடைய இடத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். ராஜமாணிக்கம் கேட்டுக்கு வெளியே மூன்று நாள் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்த மூன்று நாளும் தாவீது அவரைக் கடந்துதான் உள்ளே போனான். முதல் நாள் மட்டும் நின்று பேசினான்.

2021 டிசம்பரில் சூப்பர்வைசர் சந்திரமோகன் ஒரு சேதி சொன்னார். வருகிற மார்ச்சில் எட்டுப் பேரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். ஒரு வருஷமாக ஒருநாள்கூட விடுபடாமல் வந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதைக் கேட்டதும் தாவீதின் மனைவியுடைய தம்பி பீட்டர், அதே ஆலையில் பச்சை அட்டைக்காரன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, ஏழு பேர் சீட்டுதான் பாக்கி. ஒன் சீட்ல துண்டு போட்டாச்சி."

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை தாவீதுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலி. கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு மூக்கில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனான். கூண்டுக்குள் அவன் இருமியதைக் கீழே இருந்த சந்திரமோகன் வாக்கிடாக்கியில் கேட்டுவிட்டார்.

"தாவீது, இன்னா இருமல்?"

"தூசி சார்."

"தூசியோ மாசியோ, புதன்கிழமை உங்க ஊர்ல கேம்ப் போட்றாங்க இல்ல? காலைல டெஸ்ட் எடுத்துட்டு ஷிஃப்ட்டுக்கு வா, ரிப்போர்ட் வந்ததும் காட்டு. நெகடிவ் இருந்தா மேல ஏறு. இல்லன்னா கெளம்பு."

தாவீதின் வீடு ஆரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் இருந்தது. வீட்டில் அவனும் மகள் சுகிர்தாவும்தான். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள், வயது பதினாறு. தாய் கிறிஸ்டினா ஐதராபாத்தில் ஒரு பணக்கார வீட்டில் நுரையீரல் கெட்டுப்போன கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். கடைசியாக அவள் ஊருக்கு வந்தது 2019 கிறிஸ்துமசுக்கு. கொரோனா வந்த பிறகு அந்த வீட்டார் அவளை வாசலைத் தாண்ட விடவில்லை.

புதன்கிழமை காலை தாவீது மகளையும் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

"நைனா, எனுக்குத்தான் ஒண்ணும் இல்லியே. நான் எதுக்கு மூக்குல குச்சி வுட்டுக்கினும்?"

"சும்மா வா. நான் சொல்ற மாதிரி செய்யி."

வராந்தாவில் மேசை போட்டு ஒருத்தர் பெயர், வயது, ஆதார் எண், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார். வகுப்பறைக்குள் நீல அங்கி போட்டவர்கள் டோக்கன் எண்ணை மட்டும் பார்த்துக் குழாயில் ஒட்டினார்கள். தாவீது இதை முந்தின நாளே ஊர்க்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்தான். வராந்தாவிலிருந்து வகுப்பறைக்குப் பத்து அடி. அந்தப் பத்தடிக்குள் தன் டோக்கனை மகள் கையில் திணித்து, அவளுடையதைத் தான் வாங்கிக்கொண்டான்.

"மாட்டிக்கினா?"

"எப்டி மாட்டும்? மூக்குல பேரா எழுதிருக்கு?"

சுகிர்தா மாஸ்க்குக்குள் சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது.

அவன் அவளுடைய டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். மகளின் மூக்கு அவனுக்கு நெகடிவ் வாங்கிக் கொடுத்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். ஆனால் பயம் விடவில்லை. முந்தின வருஷம் அந்தக் காலனியில் நான்கு பேரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோனதைப் பார்த்தவன். தனக்கு வந்திருப்பது அதுதானா என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மகளின் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையை அண்ணாந்தான்.

மறுநாள் சாயங்காலம் அவன் போனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. தாவீது, நெகடிவ். சுகிர்தா, பாசிட்டிவ்.

"நைனா, ஒன் கொரோனா எம்பேர்ல வந்துக்குது" என்று சுகிர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவளுடைய சிரிப்பு அடுத்த நாள் காலை வரைதான். சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து கதவில் தாள் ஒட்டினார். தெருக் குழாயில் அவர்கள் வீட்டுக் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஏழு நாள் அவள் பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் அறையில் அடைந்துகிடந்தாள். முன்னறையில் தகப்பன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமுவது சுவர் வழியே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. காலையில் அவன் முகம் கழுவி, மாஸ்க் போட்டு, நெகடிவ் ரிப்போர்ட்டோடு வேலைக்குப் போனான். வீட்டில் யாருக்கு வந்தால் என்ன, ஆளுக்கு நெகடிவ் என்றால் வரலாம் என்று சந்திரமோகன் சொல்லிவிட்டார். கூண்டுக்குள் தனியாகத்தானே உட்கார்ந்திருக்கிறோம், யாருக்கு என்ன கெடுதல் என்று தாவீது தனக்கே சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை பீட்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். பையைச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்றான்.

"இன்னா பாப்பா, எங்க போயி வாங்கிக்கினு வந்த? ஃப்ரெண்ட்ஸுங்களோட சுத்துனியா?"

சுகிர்தா ஜன்னல் வழியாக, வாசலில் நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"நல்லா கேளு" என்றான் தாவீது. "மாஸ்க்க மூக்குல போடுன்னா தாடைல போட்டுக்கினு திரிஞ்சா இன்னா ஆவும்?"

அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயைத் திறந்தான், வந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம். பீட்டர் போன பிறகு மகளிடம், "அவன் கிட்ட நெசத்த சொன்னா நாளிக்கி சந்திரமோகன் காதுக்குப் போவும். சீட்டுக்கு அலையறவன். ஒங்கம்மா கிட்டயும் சொல்லாத. அவ தம்பி கிட்ட வாய வெச்சிக்கினு இருக்கமாட்டா" என்றான்.

சுகிர்தா தலையாட்டினாள். அப்போது அவளுக்கு அதில் இழப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினா வீடியோவில் கூப்பிட்டாள். அந்த வீட்டுக் கிழவியை மகன் துபாய்க்கு அழைத்துப் போகிறான். கிறிஸ்டினாவும் கூடப் போக வேண்டும். மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. மார்ச் பதினெட்டாம் தேதி விமானம். அதற்கு முன்னால் பன்னிரண்டு, பதிமூன்று தேதிகளில் புருஷனும் மகளும் வந்து வேலைக்காரர் அறையில் தங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

"ஆனா ஒண்ணு. ரெண்டு ஊசி போட்ட சர்ட்டிபிகேட் இல்லாம யாரையும் உள்ள வுடமாட்டாங்க. கெழவிக்கு நுரையீரல் கெட்டுப்போச்சி இல்லியா, அதான். நைனா ரெண்டும் போட்டுக்கிச்சி. நீ போட்டுட்டியாடி?"

ஜனவரி முதல் வாரம் பள்ளிக்கூடத்தில் போட்டபோது முன்னால் நின்ற பெண் மயங்கி விழுந்ததைப் பார்த்து சுகிர்தா பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். அதைத் தாயிடம் சொல்லவில்லை. "போட்டுக்கறம்மா. இந்த வாரமே" என்றாள்.

போனை வைத்ததும் காலண்டர் முன்னால் போய் நின்றாள். முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் இருபத்தெட்டு நாள். பத்தாம் தேதிக்குள் முதல் ஊசி போட்டால் மார்ச் பத்தாம் தேதி இரண்டாவது. பதினொன்றாம் தேதி ரயில். விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினாள்.

எட்டாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட வந்த நர்ஸ் திலகவதி, பேரேட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"சுகிர்தா, தாவீது பொண்ணு... நீ போன மாசம் பாசிட்டிவ் இல்ல?"

பின்னால் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப்போனார்கள்.

"இல்ல மேடம்."

"லிஸ்ட்டு எங்கையில இருக்குது, எங்கிட்டயே இல்லன்றியே. வந்து போனவங்களுக்கு மூணு மாசம் கழிச்சித்தான் போடணும்னு மேலருந்து ஆர்டர் வந்துக்குது. ஏப்ரல் கடசீல வா கண்ணு."

அன்று சாயங்காலம் தாவீது செருப்பைக் கழற்றுவதற்குள் சுகிர்தா விஷயத்தைச் சொன்னாள். டோக்கன் மாறியதை நர்ஸிடம் வந்து சொன்னால் போதும் என்றாள்.

"சொன்னா? எழுதிக் குடுன்னுவாங்க. அது கம்பெனிக்குப் போவும். கொரோனாவ வெச்சிக்கினு வேல செஞ்சான்னு கேஸு போட்டாலும் போடுவாங்க. கேட் பாஸு போச்சின்னா நீ இன்னா துன்னுவ?"

"அப்ப நான் அம்மாவப் பாக்க வேணாமா?"

"ஒரு மாசம் பொறு. பர்மனென்ட் லிஸ்ட் வந்துடட்டும். நானே போயி சொல்றேன்."

"ஒரு மாசம் கழிச்சி ஊசி போட்டா அம்மா துபாய்ல இருக்கும் நைனா!"

"மூணு வருஷத்துல வந்துடப் போறா. போன பாஸு வருமா?"

அவன் சோறு போடச் சொன்னான். போட்டாள்.

பத்தாம் தேதி, கடைசி நாள். சுகிர்தா பள்ளிக்கூடச் சீருடையிலேயே கிளம்பி, பஸ் மாறி மாறி ஊத்துக்கோட்டைக்குப் போனாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறைக்கு முன்னால் கூட்டம் இல்லை. ஆதார் அட்டையைப் பார்த்துப் பதிந்த நர்ஸ், போனுக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல் என்றாள். அவள் வீட்டில் இருந்ததே ஒரு போன். அது தகப்பனிடம். நர்ஸின் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள்.

டீ நேரம். ஆலைக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் தாவீதுக்கு ஒரு பக்கம் பீட்டர், எதிரில் சந்திரமோகன். லாரிகள் போகும் இரைச்சலில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காதென்று தாவீது எப்போதும் போல் ஸ்பீக்கரைப் போட்டான்.

"நைனா, நான் ஊத்துக்கோட்டைல இருக்கறேன். ஒனக்கு ஆறு நம்பர் வந்துருக்கும் பாரு, சொல்லு. சீக்கிரம் சொல்லு."

தாவீது எண்ணைப் பார்த்தான். வாசிக்க வாயெடுப்பதற்குள் நர்ஸ் போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், பாப்பா தனியா வந்துக்குது. ஒரு கேள்வி, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். மூணு மாசத்துல இதுக்கு கொரோனா வந்துச்சா? இல்லன்னுது."

பீட்டர் டீ கிளாசை வாயிலிருந்து எடுத்தான். "இன்னா மாமா இது? போன மாசந்தானே..." என்றான். சந்திரமோகனும் திரும்பிப் பார்த்தார்.

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் கையில் ஊசி இறங்கிவிடும். அந்த வார்த்தையைச் சொன்னால் பீட்டர் கேட்பான், அப்படியானால் கதவில் ஒட்டிய தாள் யாருக்கு என்று. சந்திரமோகன் அன்றைய இருமலை நினைத்துப் பார்ப்பார். தாவீது இதையெல்லாம் ஒரு லாரி கடந்து போகும் நேரத்துக்குள் எண்ணிப் பார்த்தான்.

"பொய் சொல்றா மேடம்" என்றான். "பத்தொம்பதாம் தேதி எடுத்த டெஸ்ட்ல பாசிட்டிவ். ஆத்தாளப் பாக்கற ஆசைல சொல்றா. போடாதீங்க, ஏதாச்சும் ஆயிடப் போவுது."

"நைனா..." என்று போனுக்குள் ஒரு குரல் தூரத்தில் கேட்டது. பிறகு நர்ஸ், "சரி சார், அனுப்பிடறேன்" என்றாள்.

"பொட்டப் புள்ளைக்கு எவ்ளோ துணிச்சல் பாரு" என்றான் பீட்டர். சந்திரமோகன் தலையசைத்தார். "நல்ல வேள, நீ ஒழுங்கா சொன்ன தாவீது. வேற எவனாச்சும்னா மறைச்சிருப்பான்."

அன்று தாவீது கறிதோசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவள் கத்துவாள், அழுவாள், அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். அவள் தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவனுடைய பங்கைப் பிரித்து வைத்தாள். தன்னுடையதைக் காலையில் நாய்க்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டினா போனில் மகளை உரித்தெடுத்தாள். பீட்டர் ஏற்கனவே அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தான். "ஊரச் சுத்தி நோவ வாங்கிக்கினதும் இல்லாம, பொய் வேற சொல்லப் போனியா? கெழவி செத்துப் போனா நான் ஜெயிலுக்குப் போறதா?" சுகிர்தா தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். கை ஆடவில்லை.

கிறிஸ்டினாவின் கோபம் நான்கு நாள்தான் நின்றது. வேலை நேரத்தில் தாவீதை மட்டும் கூப்பிட்டாள். "அவள கேட் வரைக்குமாச்சும் இட்டுக்கினு வா. நாங்க ரெண்டாவது மாடி. பால்கனில நின்னா மூஞ்சி தெரியும். ரெண்டு வார்த்த பேசிக்கிறேன்."

தாவீது சரி என்றான். அன்று வீட்டுக்கு வரும் ரயிலில் யோசித்தான். ரோட்டில் நின்று மகள் இரண்டாவது மாடிக்குக் கத்திப் பேசுவதை அவனால் மனக்கண்ணில் பார்க்க முடிந்தது. அவள் என்ன கத்துவாள் என்பதும் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும், "ஒங்கம்மா ஒன்ன வர வேணாம்னுட்டா. கெழவிக்கு ஆவாதாம்" என்றான்.

மார்ச் முதல் தேதி பட்டியல் ஒட்டினார்கள். எட்டுப் பேரில் தாவீதின் பெயர் மூன்றாவது. பீட்டரின் பெயர் இல்லை. பீட்டர் அவனைக் கட்டிக்கொண்டு, "ஒனக்கு வந்தா எனுக்கு வந்த மாதிரிதான் மாமா" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

சுகிர்தா நீல அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப சொல்லலாம்தானே?"

"ஆறு மாசம் ப்ரொபேஷன் இருக்குது."

"ஊருக்கு வேணாம். அம்மாவுக்காச்சும் சொல்லு. நான் சுத்தல, பொய் சொல்லலன்னு. வேற ஒண்ணும் கேக்கல."

"நேர்ல போயி சொல்றேன். போன்ல சொல்ற விஷயமா இது?"

அவன் ஐதராபாத்துக்குத் தனியாகப் போனான். இரண்டு நாள் கிறிஸ்டினா சமைத்ததைச் சாப்பிட்டான். கேட்டுக்கு மகளை ஏன் அழைத்து வரவில்லை என்று அவள் கேட்டபோது, "கூப்புட்டேன், வரமாட்டேன்ட்டா. ரோஷம்" என்றான். சொல்ல வேண்டியதைச் சொல்ல இரண்டு மூன்று தடவை வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் கிறிஸ்டினா அவனுடைய நீல அட்டையைப் பற்றி ஏதோ கேட்டாள். அவன் அதற்குப் பதில் சொன்னான். கிளம்பும்போது மகளுக்கென்று ஒரு துணிப்பையைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை வீட்டுக்கு வந்ததும் பையை மகளிடம் நீட்டினான். உள்ளே மஞ்சள் சுடிதார். பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தைத்த அளவு. சுகிர்தா அதை உதறியபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு தாள் விழுந்தது. எடுத்து, நின்றபடியே படித்தாள்.

"அம்மா கிட்ட சொன்னியா நைனா?"

"சொன்னேன்."

"இன்னா சொல்லிச்சி?"

"பாவம் புள்ளன்னு அழுதா."

அவள் தாளை அவனிடம் கொடுத்தாள். கிறிஸ்டினாவின் கோணல் எழுத்து. 'கேட் வரைக்கும் வரச் சொன்னதற்குக்கூட உனக்கு மனசு வரவில்லை. நீ செய்த தப்புக்கு நான் உன் மூஞ்சியைப் பார்க்காமல் போகிறேன். இனிமேலாவது பொய் சொல்லாமல் இரு. நைனாவுக்கு அடங்கி நட.'

அவன் படித்து முடிப்பதற்குள் சுகிர்தா அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துவிட்டாள். அவன் தடுக்கவில்லை. இரண்டாவது மணியில் கிறிஸ்டினா எடுத்தாள். சுகிர்தா ஸ்பீக்கரைப் போட்டுப் போனைத் தரையில் வைத்தாள். டோக்கனிலிருந்து தொடங்கினாள். எந்த இடத்திலும் குரலை உயர்த்தாமல், கேட் விஷயம் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கம் கிழவியின் இருமல் கேட்டது.

"ஏங்க, அங்கதான் இருக்கறீங்களா? இவ சொல்றது நெசமா?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. பீட்டர் இல்லை, சந்திரமோகன் இல்லை. கதவுகூடச் சாத்தியிருந்தது. தாவீது மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வுடு கிறிஸ்டினா" என்றான். "சின்னப் பொண்ணு. நான் ஒண்ணும் மனசுல வெச்சிக்கல."

சுகிர்தா குனிந்து போனை எடுத்து, பேசிக்கொண்டிருந்த தாயின் குரலோடு அதை அவன் கையில் கொடுத்தாள். பிறகு சுடிதாரை வந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தாள்.